மதகில் நுழைந்த வண்டியும் நுழையாத வண்டியும்

என் மகிந்திரா தார் ஜீப்புக்கு 13 வயது. 2012-இல் வாங்கிய சிஆர்டிஇ டீசல் மாடல். போன ஐப்பசியில் ஒரு புரோக்கர் போன் செய்து, "4 லட்சம் சார், இன்னைக்கே பணம்" என்றார். அதே வாரம் என் மச்சினன் புது தார் ராக்ஸைக் கொண்டுவந்து மன்னார்குடியில் எங்கள் வாசலில் நிறுத்தினான். டீசல், நாலு சக்கர இழுவை, ஆன்ரோடு 20 லட்சத்துக்கு மேல். வீட்டுக்காரி இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

சரி, ஒரே பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கோடியக்கரை. நடுவில் சித்தப்பா வயல்.

டெல்டாவில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் எதற்கு, மலையா இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். மலை இல்லை, களி இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கல்லணை வழியாக வெண்ணாறு, பாமணி, கோரையாறு, முள்ளியாறு என்று தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து வாய்க்கால் வரை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் வாய்க்கால் கரையில் சைக்கிள் தள்ளுவதே பாடு. வருஷத்தில் ஆறேழு வாரம்தான் இந்தக் கூத்து. மீதி நாளெல்லாம் இரண்டு சக்கர இழுவையே தாராளம்.

திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் தார்ச் சாலையை விட்டு இறங்கினோம். வயல்களில் தாளடி நடவு. ஒரு கிலோமீட்டர் போனதும் சித்தப்பா வயலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பழைய மதகு. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். மாட்டு வண்டிக்காகக் கட்டியது. நான் இரண்டு கண்ணாடியையும் மடக்கினேன். மகள் இறங்கிப்போய் எதிரே நின்று, "கொஞ்சம் ரைட்டு, போதும் போதும்" என்று கை காட்ட, சுவரில் உரசாமல் வந்துவிட்டேன். பின்னால் வந்த மச்சினன் நிறுத்தினான். இறங்கிவந்து சுவருக்குச் சுவர் நீட்டிப் படுத்துப் பார்க்காத குறை.

"அத்தான், இது ஆகாது."

ஆகாதுதான். என் வண்டியின் அகலம் 1,726 மி.மீ., ராக்ஸ் 1,870. வித்தியாசம் முக்கால் சாண். கம்பெனி விளம்பரத்தில் அந்த முக்கால் சாணை உட்கார வசதி என்று போடுவார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் இந்த மதகுக்கு அது தெரியாதே. அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே கரையோடு 300 மீட்டர் ரிவர்ஸில் போனான். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியில் அப்படிப் போயிருந்தால் பாதி வழியில் வாய்க்காலில் குளித்திருப்பேன்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் முன்னே போனேன். 200 மீட்டர்தான். இடது பக்கக் கரை மெதுவாக வயலை நோக்கிச் சரிந்தது. வண்டி நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை, வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கம்பைத் தள்ளி ஃபோர் லோவில் போட்டேன், நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் அது. ஸ்டியரிங்கை லேசாக ஆட்டி, கிளட்சை முழுசாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஊர்ந்து பார்த்தேன். இடது பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு சக்கரம் மட்டும் சுற்றின. நாலு சக்கர இழுவை என்று பேர். இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல்; அதில் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத வண்டியில் பிடிமானம் போன பக்கத்துக்கே சக்தியெல்லாம் ஓடிவிடும். பின் ஆக்சிலுக்கு லாக் வந்தது 2015 மாடலில்.

மச்சினன் சுற்றுவழியில் வந்து சேர்ந்தான். அவன் வண்டியில் லாக் உண்டு, பட்டனை அழுத்தினால் போதும். கயிறு கட்டினோம். அவன் வண்டியின் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றின, சேர்ந்தே வழுக்கின. டயர் ஹைவேக்கானது. பள்ளமெல்லாம் களி அப்பி, உரிக்காத சேனைக்கிழங்கு மாதிரி இருந்தது. காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பார்த்தோம். அவனும் உட்கார்ந்தான்.

கடைசியில் உழுதுகொண்டிருந்த டிராக்டர்தான் வந்தது, சேற்றுக்கான கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு. ஓட்டி வந்த பெரியவர் இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் நாலு சக்கரமும் இழுக்குமா தம்பி?"

"இழுக்கும்ங்க."

"இதுக்கு ரெண்டுதான்" என்று தன் டிராக்டரைத் தட்டிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. சித்தப்பா வீட்டில் டீ குடித்தார்.

வேதாரண்யம் போகும்வரை நானும் மச்சினனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளியில் இறங்கினோம். மழைக்காலமாதலால் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர். கரையில் உப்பு மேட்டுக்குப் பனையோலை வேய்ந்து வைத்திருந்தார்கள், குடிசை வரிசை போல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுவாரம் தண்ணீர் கேனும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு இதே தாரில் இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். தென்னை சாலைக்குக் குறுக்கே கிடக்கும், ஓரத்தில் இறங்கி ஏறிப் போவோம். அந்தப் பத்து நாளுக்காகவே இதை விற்க மனசு வராது. ஆனால் அந்தப் பத்து நாளில் குடித்த உப்புத் தண்ணீர்தான் வண்டியைத் தின்கிறது. டிரைவர் காலடியில் பாயைத் தூக்கினால் ஒரு ரூபாய் அளவுக்கு ரோடு தெரியும்.

கோடியக்கரையில் வெளிமான் பார்த்தோம், தூரத்தில் பூநாரை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பூநாரை என்று மகள் சாதித்தாள். உப்புத்தண்ணீர் என்று மச்சினன் சொன்னான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது, மழையும். மகள் மாமா வண்டியில் ஏறிக்கொண்டாள். எங்கள் தாரில் பின்சீட் பக்கவாட்டில் பார்த்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏர்பேக் இல்லை, பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. ராக்ஸில் ஆறு ஏர்பேக், பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். மன்னார்குடி வந்து கதவைத் திறந்தால், பெல்ட் போட்டபடி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். 13 வருஷத்தில் என் வண்டியில் யாரும் தூங்கியதில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரி வாய் திறந்தாள். "அவளுக்கு முன்பக்கம் பாத்து உக்கார்ற சீட்டு வேணும். அதுக்கு எதுக்குங்க நாலு சக்கரமும் இழுக்கணும்?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. புது ஃபோர் பை ஃபோரா பழசா என்றே மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மதகுக்கும் களிக்கும் ஒடுக்கமான பழசு போதும், டயரை மட்டும் நல்லதாகப் போட வேண்டும். குழந்தையோடு தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போக ஆறு ஏர்பேக் உள்ள சாதாரணக் கார் போதும், ராக்ஸ் விலையில் பாதிக்கும் குறைவு. மச்சினனிடம் சொன்னேன். சிரித்தான், அவனுக்குச் சென்னையில் மதகு கிடையாது.

புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி. 2027 வரை இருக்கிறது, அதன் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தெரிந்த பட்டறையில் விட்டேன். மெக்கானிக் வண்டியைத் தூக்கி, அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனார். தட்டிய இடமெல்லாம் டக் டக் என்றது, ஒரு இடத்தில் மட்டும் சத்தமே வரவில்லை.

"சேஸ் நல்லாயிருக்குண்ணே. தரைத் தகடுதான் போச்சு. வெட்டி வெச்சுத் தர்றேன், ஒரு வாரம் ஆகும்."

"தை பொறக்கறதுக்குள்ள குடு" என்றேன்.