பெரியப்பாவுக்கு முதுகுல இருந்தது டிஸ்க் இல்ல, தண்டுவட ரத்தக்குழாய் கோளாறு

நடக்கும்போது செருப்பு கழண்டு போறதே பெரியப்பாவுக்குத் தெரியாது, பின்னாடி வர்றவங்க எடுத்துக் குடுக்கணும். கொஞ்ச தூரம் போனா கால் கனத்துப் போய் உக்காந்துடுவாரு, உக்காந்தா சரியாகி திரும்ப நடப்பாரு. இடுப்பு எம்ஆர்ஐ பாத்துட்டு டிஸ்க்னாங்க (அந்த வயசுல நிறைய பேருக்கு ஒரு டிஸ்க் தள்ளித்தான் இருக்கும்), ஊர்ல ஆளாளுக்கு ஒரு எண்ணெய் சொன்னாங்க. யூரின் நின்னு நின்னு போக ஆரம்பிச்சதும் இன்னொரு இடத்துல காட்டினோம், தண்டுவட அழற்சின்னு ஸ்டீராய்டு ஏத்தினாங்க, அன்னைக்கு ராத்திரியே கால தூக்க முடியல.

அடுத்து பாத்த நியூரோ டாக்டர் அந்த பழைய ஃபிலிமையே லைட்ல வச்சு மேல் ஓரத்த காட்டினாரு, தண்டுவட நுனி வெள்ளையா வீங்கி இருந்துச்சு. நெஞ்சுப் பகுதிக்கு தனியா எம்ஆர்ஐ எடுத்தா, தண்டுவடத்துக்குப் பின்னாடி கறுப்பு கறுப்பா புழு மாதிரி நெளியுற சிரைங்க (ரத்தத்த இதயத்துக்குத் திரும்ப எடுத்துட்டுப் போற குழாய்ங்க).

ஸ்பைனல் டியூரல் ஏவி ஃபிஸ்டுலா. தண்டுவடத்த மூடியிருக்கற உறையில ஒரு சின்ன தமனி (இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்), நடுவுல தந்துகிங்கற நுண்ணிய குழாய்ங்களே இல்லாம நேரா சிரையில போய் சேந்துக்குது. தமனியோட பிரஷர் சிரையில ஏறுறதால தண்டுவடத்துல இருந்து கெட்ட ரத்தம் வடிய முடியாம வீங்கிடுது. 50 வயசுக்கு மேல ஆம்பளைங்களுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. கோளாறு உறையிலதான்னு 1977-ல கெண்டல், லோக்னு ரெண்டு டாக்டருங்க எழுதின பிறகுதான் தெளிவாச்சு, அதுக்கு முன்னாடி அந்த நெளியுற சிரைங்களையே உரிச்சு எடுத்திருக்காங்க, தண்டுவடத்துக்கு இருக்கற வடிகாலே அதுதான், நெனச்சா பகீர்னு இருக்கு.

எந்த இடம்னு கண்டுபிடிக்க ஆஞ்சியோ. தொடையிடுக்குல குழாய் விட்டு ஒவ்வொரு எலும்பு மட்டத்துலயும் இடது வலதுன்னு தனித்தனியா டை விட்டுப் பாக்கறாங்க, ரொம்ப நேரம் இழுக்கும், பெரியப்பா அசையாம படுத்திருந்ததே பெரிய விஷயம். அதே குழாய் வழியா பசை விட்டும் அடைக்கலாம், ஆனா பசை சிரையோட ஆரம்பம் வரைக்கும் போய் உறையணும், தமனியிலயே நின்னுட்டா திரும்ப வழி தெறந்துக்கும். தண்டுவடத்துக்கு ரத்தம் குடுக்கற கிளையும் அதே தமனியில இருந்து பிரிஞ்சா பசை பக்கமே போகக்கூடாது. இவருக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதனால ஆபரேஷன். எலும்ப கொஞ்சம் எடுத்து, உறைய தெறந்து, தமனி வந்து சேர்ற அந்த ஒரு சிரைய மட்டும் துண்டிச்சாங்க. இந்த ஆபரேஷன்ல 95%க்கு மேல பேருக்கு ஒரே தடவையில அடைப்பு முடிஞ்சிடும்.

ஆனா அடைச்சது வேற, தேறுறது வேற. ஆபரேஷனுக்கு உள்ள போற அன்னைக்கு எவ்வளவு நடந்தாங்களோ அத வச்சுத்தான் பாக்கி. நடை கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேருக்கு முன்னேறும்ங்கறாங்க, யூரின் விஷயம் அவ்வளவு சீக்கிரம் வராது. அதான் யாராவது கேட்டா, ஸ்டீராய்டு போட்டு கால் இன்னும் மோசமானா ஃபிஸ்டுலாவா இருக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்றேன்.

இப்ப வாக்கர் வச்சு டீக்கடை வரைக்கும் போறாரு. யூரினுக்கு இன்னும் அவரே ட்யூப் போட்டுக்கறாரு, கல்யாணத்துக்குப் போனா பெரியம்மா சாப்பாட்டு ஹாலுக்கு முன்னாடி பாத்ரூமத்தான் தேடுறாங்க.