கொழும்பின் அரை மணித்தியாலம்

11 ஒக்டோபர் 2025, சனி

கொட்டாஞ்சேனையில் சித்தப்பாவின் அச்சகம். பின்னறையில் 2005 இல் வாங்கிய கணினி இன்னும் ஓடுகிறது. பெடோரா கோர் 4 என்ற பழைய லினக்ஸ் இயங்குதளம். கல்யாண அட்டைகள், மரண அறிவித்தல்கள், ஓடர் கணக்கு எல்லாம் அதற்குள்தான். புதிய கணினிக்கு மாற்றித் தரக் கேட்டார்.

செத்துப்போன பற்றரியை மாற்றி, இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கச் சொன்னேன். அப்போது காலை பத்து மணி. திரையில் பத்தரை.

"அது எப்பவும் அரை மணித்தியாலம் முந்தித்தான் தம்பி காட்டும். நான் கையாலை பின்னுக்கு வைச்சிடுவன்" என்றார்.

பத்தொன்பது வருடங்களாக அப்படித்தான் வைத்திருக்கிறார். கவலையாகிவிட்டது. லினக்ஸ் உள்ளே உலகப் பொது நேரத்தைத்தான் எண்ணுகிறது. கொழும்பு நேரமாக அதை மாற்றிக் காட்டுவது நேர வலயக் கோப்பு. பிழை அந்தக் கோப்பில் இருக்க, கடிகாரத்தைத் தள்ளினால் உள்ளே இருக்கும் சரியான எண்ணும் கெட்டுவிடும்.

12 ஒக்டோபர், ஞாயிறு

வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி என் மடிக்கணினியில், நேர வலயக் கோப்பில் உள்ளதை வரிசையாகக் காட்டும் 'ஸெட்டம்ப்' கட்டளையால் ஆசியா/கொழும்பு வலயத்தைப் பிரித்துப் பார்த்தேன். நம் நாட்டுச் சரித்திரமே உள்ளே கிடக்கிறது. 1906 வரை மொரட்டுவை நேரம், உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்தியது. பிறகு ஐந்தரை மணித்தியாலம். இரண்டாம் உலகப் போரில் ஆறு, ஆறரை, போர் முடிந்ததும் மறுபடி ஐந்தரை. 1996 மே 25 இல் மின்வெட்டுக் காலத்தில் ஆறரை, அதே வருடம் ஒக்டோபர் 26 இல் ஆறு. 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15 பிறந்து அரை மணித்தியாலத்தில், திரும்பவும் ஐந்தரை. சித்தப்பாவின் கணினிக்கு இந்தக் கடைசி மாற்றம் மட்டும் தெரியாது.

இந்தியாவின் கொல்கத்தா வலயமும் ஐந்தரைதான், அதைத் தெரிவு செய்தால் போதுமே என்பார்கள். இன்றைய நேரம் சரியாக வரும்தான். ஆனால் 1996 ஒக்டோபர் தொடக்கம் 2006 வரையான கொழும்புக் கோப்புகள் அரை மணித்தியாலம் பிந்திப்போகும். அந்தப் பத்து வருடமும் கொல்கத்தா நேரம் பொருந்துவது வன்னிக்கு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. நேர வலயத் தரவின் குறிப்பிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. கிளிநொச்சியில் வளர்ந்த எனக்கு அந்த ஒரு வரியை வாசிக்கத் தொண்டை அடைத்தது.

14 ஒக்டோபர், செவ்வாய்

அந்தப் பெடோராவுக்கு இனிப் புதுப்பிப்பு வராது. அதனால் புதிய தரவை மடிக்கணினியில், நேர வலயக் கோப்புகளை உருவாக்கும் 'ஸிக்' கட்டளை கொண்டு தொகுத்து, பென்டிரைவில் எடுத்துப்போய் அந்தக் கோப்புகள் இருக்கும் ஸோன்இன்போ அடைவில் வைத்தேன். நேரம் மாறவில்லை. கணினி தன் உள்ளூர் நேரத்துக்குப் பார்ப்பது ஈடிசி அடைவில் இருக்கும் லோக்கல்டைம் கோப்பை. அங்கே அது கொழும்புக் கோப்புக்கான இணைப்பு அல்ல, தனிப் பிரதி. அதையும் மாற்றினேன். இப்போது கொழும்பே காணாமல்போய் கிரீன்விச் நேரம் வந்து நின்றது!

இரவு ஒன்பது மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. 2020 இலிருந்து ஸிக் மெலிந்த வடிவத்தில்தான் கோப்பை எழுதும். அதில் பழைய மென்பொருள் படிக்கும் 32 பிட் பகுதி ஏறக்குறைய வெறுமை. கட்டளையில், பழைய முழு வடிவத்தில் எழுதச் சொல்லும் 'ஃபேட்' என்ற தெரிவைச் சேர்த்து மீண்டும் தொகுத்தேன். சரி, கொழும்பு திரும்பி வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் ஒருமுறை நிறுத்தி இயக்கினேன்.

18 ஒக்டோபர், சனி

தீபாவளிக்கு முன் முடிந்தது. 2006 ஏப்ரலுக்குப் பிறகு சித்தப்பா கையால் தள்ளிய காலத்துக் கோப்புகள் எல்லாம் அரை மணித்தியாலம் குறைவாகக் காட்டின. அவற்றுக்கு மட்டும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி முப்பது நிமிடம் கூட்டினேன். அதற்கு முந்தியவற்றைத் தொடவில்லை.

அப்புறம் சித்தப்பா ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். 2005 டிசம்பரில் அப்பம்மா கிளிநொச்சியில் காலமான இரவு, அவரே இருந்து அடித்த மரண அறிவித்தல். சேமித்த நேரம் 11:40.

"ஓம், சுவர்க் கடிகாரத்திலை பன்னிரண்டுக்கு இருபது நிமிசம் இருந்தது" என்றார்.

அதே கோப்பை நான் கொல்கத்தா வலயத்திலும் ஒருமுறை பார்த்தேன். 11:10. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கடிகாரம் அப்போது அதைத்தான் காட்டியிருக்கும்.