ஒன்பது பாட்டு, நான்கு சீட்டு: 'இன்னர்விஷன்ஸ்' கேட்ட நாட்கள்

ஜூலை 26, 2023, புதன்

இன்று முதல் ஒன்பது இரவுகள், இரவுக்கு ஒரு பாட்டு. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பம் 1973 ஆகஸ்ட் 3ஆம் தேதி வெளியானது. ஒன்பதாவது பாட்டைக் கேட்கும் இரவில் அதற்கு ஐம்பது வயது நிறையும். சித்தப்பா வீட்டுக் கூடத்தில் நாங்கள் நான்கு பேர்: சித்தப்பா, தேவாலயப் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் அக்கா, மிருதங்கம் வாசிக்கும் நண்பர், நான். சித்தப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த இசைத்தட்டு இது. பாட்டு முடியும்வரை யாரும் பேசக் கூடாது. பத்துக்கு எத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். சீட்டைப் பிரித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம் என்றேன். இந்த ஆல்பத்தைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது, அவர்களின் கண்களைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி நியூயார்க் தெருக்களைச் சுற்றிவரச் செய்து, அதன் பிறகுதான் ஸ்டுடியோவில் பாட்டைப் போட்டார்கள். குறைமாதத்தில் பிறந்து, குழந்தையிலேயே பார்வையை இழந்தவர் ஸ்டீவி. தான் கேட்பதுபோல அவர்களும் ஒருமுறை கேட்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். எங்களுக்கும் அந்த இருட்டு தேவைப்பட்டது.

முதல் பாட்டு 'டூ ஹை'. போதையில் அழியும் ஒரு பெண்ணின் கதை. டிரம்ஸ், மின்பியானோ, மவுத் ஆர்கன், பேஸ் என்ற கீழ்ச்சுருதியை ஒலிக்கும் மின்னணு வாத்தியமான சிந்தசைசர் எல்லாம் அவரே. நண்பர் 8.5, அக்கா 8, சித்தப்பா 8, நான் 8. டிரம்ஸ் வாசிப்பவரின் கை, பாடுகிறவரின் மூச்சோடு சேர்ந்தே நகர்கிறது என்றார் நண்பர். ஒரே ஆள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஜூலை 27, வியாழன்

'விஷன்ஸ்'. டிரம்ஸே இல்லாத பாட்டு. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், மின்பியானோ, குரல். வெறுப்பு வெறும் கனவாகிப்போன ஒரு நாட்டைப் பார்க்கிறார். அது என் மனதில் மட்டும் இருக்கும் காட்சிதானா என்று கேட்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மேல் மெதுவாகவே போகிறது.

சீட்டைப் பிரித்தோம். அக்கா 7, நான் 6, நண்பர் 5.5, சித்தப்பா 4. தூங்கவைக்கிறது என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. நானும் பெரிதாக வாதாடவில்லை.

பாட்டின் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. விளக்கைப் போட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கீறல்கள். கப்பலில் இருந்த நாட்களில் எப்போதும் இரண்டாவது பாட்டைத் தாண்டி, ஊசியைக் கையால் தூக்கி, நேராக மூன்றாவதில் வைப்பாராம் சித்தப்பா. எத்தனை நூறு தடவை வைத்தாரோ.

ஜூலை 28, வெள்ளி

அந்த மூன்றாவது பாட்டு, 'லிவிங் ஃபார் த சிட்டி'. 7 நிமிடம் 22 நொடி. இன்று பன்னிரண்டு மணிவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மிசிசிப்பியில் ஒரு கறுப்பினக் குடும்பம். அப்பா நாளுக்குப் பதினான்கு மணி நேரம் உழைக்கிறார், கையில் ஒன்றும் நிற்பதில்லை. அம்மா ஊரார் வீட்டுத் தரையைத் தேய்க்கிறாள். பிள்ளைக்கு வேலை தர ஆளில்லை. இத்தனையும் ஒரே பிடிவாதமான பேஸ் ஓட்டத்தின் மேல் வருகிறது. இடையிடையே சிந்தசைசர் உயர்ந்து எழும்போது தாளம் நாலிலிருந்து மூன்றுக்கு மாறுகிறது. நண்பர் இருட்டில் தொடையில் தாளம் போட்டுத் தவறவிட்டு, அடுத்த முறை பிடித்துக்கொண்டார். எல்லா வாத்தியமும் ஸ்டீவிதான்.

பிறகு பாட்டு விலகி, ஒரு காட்சி ஒலிக்கிறது. பையன் பஸ்ஸில் நியூயார்க் வந்து இறங்குகிறான். வானளாவிய கட்டடங்களைப் பார்த்து வியக்கிறான். யாரோ ஒருவன் ஒரு பொருளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்கிறான். போலீஸ் பிடிக்கிறது. பத்து ஆண்டு சிறை. கதவு மூடுகிறது. திரும்பி வரும் குரல் பழைய குரல் இல்லை. அந்தக் கரகரப்பு வர வேண்டும் என்பதற்காக, பதிவின்போது டேப்பை அடிக்கடி நிறுத்தி ஸ்டீவிக்கு வேண்டுமென்றே கோபமூட்டினார்கள், ஒலிப்பதிவில் கூட இருந்த மால்கம் செசிலும் ராபர்ட் மார்கோலெஃபும்.

மதிப்பெண்: சித்தப்பா 10, அக்கா 10, நான் 10, நண்பர் 8.5.

அந்தக் காட்சி இசையை வெட்டுகிறது, நாடகம் நாடகமாக இருக்கட்டும் என்பது நண்பரின் வாதம். வானொலிக்குப் போன சிறிய தட்டில் காட்சியை எடுத்துவிட்டார்கள், அதுவே அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் எட்டாம் இடம்வரை போயிற்று என்றும் சொன்னார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. சிறைக்குள் போகாமல் அந்தக் கடைசிச் சரணத்தை எப்படிப் பாடுவாய், எதற்காகக் குரல் உடைந்தது என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் முழுக்க முழுக்க அக்கா பக்கம். சிறிய தட்டுக்கு என்னிடம் ஆறு மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது.

ஜூலை 29, சனி

'கோல்டன் லேடி'. நல்ல பாட்டு. கடைசியில் சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போவதை அக்கா கூடவே பாடிப் பார்த்தாள். நான்காவது படியில் குரல் எட்டவில்லை. எல்லோரும் 8. தட்டின் முதல் பக்கம் முடிந்தது.

ஜூலை 30, ஞாயிறு

தட்டைத் திருப்பிப் போட்டதும் 'ஹையர் கிரவுண்ட்'.

தொடக்கத்திலேயே நண்பர் சிரித்துவிட்டார், விதியை மீறி. "இது மோர்சிங்!" என்றார். உண்மையில் அது கிளாவினெட் என்ற, பியானோபோலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியம், மியூட்ரான் என்ற கருவி வழியாக வருகிறது. மோர்சிங்கில் நாக்கு ஒரே சுருதியில்தான் அதிரும். வாயைத் திறந்து மூடுவதில்தான் ஒலியின் நிறம் மாறுகிறது. இந்தக் கருவியும் அதைத்தான் செய்கிறது: கட்டையை எவ்வளவு அழுத்தி அடிக்கிறோமோ அவ்வளவுக்கு ஒலியின் வாய் திறக்கிறது. அதனால்தான் அந்த வாத்தியம் நம்மிடம் பேசுவதுபோல இருக்கிறது. நடை திஸ்ரம், ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று. நண்பர் மேசையில் தகிட தகிட என்று தட்டத் தொடங்கியபோது கூடம் முழுக்க அதிர்ந்தது.

பாட்டைக் கட்டிப் பதிவுசெய்ய ஸ்டீவிக்கு மூன்று மணி நேரம்தான் ஆனது என்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஒரே மூச்சில் வந்த பாட்டு என்று அதுவே சொல்கிறது. இன்னொரு பிறவி கிடைத்ததற்கு நன்றி சொல்கிறது, இந்த முறை உச்சியைத் தொடும்வரை விடமாட்டேன் என்கிறது. நான்கு சீட்டிலும் 10. இதுவரை நடக்காதது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நேற்று இரவு மின்சாரம் இல்லை; இன்று இரண்டு பாட்டு. 'ஜீசஸ் சில்ட்ரன் ஆஃப் அமெரிக்கா'வுக்கு அக்கா 9 போட்டாள், நாங்கள் 7. நீ நம்புவதாகச் சொல்வதை உண்மையாகவே நம்புகிறாயா என்று பக்தர்களை நோக்கிக் கேட்கும் பாட்டு. தேவாலயத்திலேயே வளர்ந்தவளுக்கு அது எங்களைவிட ஆழமாகத் தைத்திருக்கிறது, அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

'ஆல் இன் லவ் இஸ் ஃபேர்' கேட்டு சித்தப்பா 9 எழுதினார். காரணம் சொல்லவில்லை. சித்தி இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் 6 போட்டிருந்தேன், அந்தச் சீட்டைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

'டோன்ட் யூ வொரி பௌட் எ திங்'. லத்தீன் நடையில் பியானோ, அசைந்தாடும் தாளம், தொடக்கத்தில் ஸ்பானிஷ் கலந்த வேடிக்கைப் பேச்சு. இந்த ஆல்பத்தில் நிம்மதியாக மூச்சுவிட அனுமதிக்கும் இடம் இதுதான். 8.5, 8, 9, 9.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஐம்பது ஆண்டுகள். 'ஹீஸ் மிஸ்ட்ரா நோ-இட்-ஆல்' கேட்டோம். தேன் தடவிய மெட்டில் ஒரு புரட்டனைப் பற்றிய பாட்டு. அப்போதைய அதிபர் நிக்சனைத்தான் சொல்கிறது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வில்லி வீக்ஸின் பேஸுக்காகவே 9. கேசரி கிண்டியிருந்தார் சித்தப்பா.

கூட்டிப் பார்த்தபோது 'விஷன்ஸ்' கடைசி இடம். சராசரி 5.6. எனக்கு உறுத்தியது. இதை எழுதும் இந்த நேரத்திலும் உறுத்துகிறது. இருபத்தொரு வயதில், எந்தப் பாட்டை எங்கே வைக்கலாம் என்று தானே முடிவெடுக்கும் உரிமையை இசைத்தட்டு நிறுவனத்திடம் வாதாடிப் பெற்றவர், அந்தப் பாட்டைத் தெரியாமலா இரண்டாவதாக வைத்திருப்பார்?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆல்பம் வெளியான மூன்றாம் நாள், 1973இல் இதே தேதியில், வட கரோலினாவில் ஸ்டீவி சென்ற கார் மரக்கட்டை ஏற்றிச் சென்ற லாரியில் மோதியது. நாட்கணக்கில் நினைவில்லை. அவருடைய நண்பர் ஐரா டக்கர் காதருகே 'ஹையர் கிரவுண்ட்' பாடியபோதுதான் விரல்கள் தாளம் போட அசைந்தன. மறுபிறவியைப் பாடிய சில மாதங்களில் அவருக்கே அது நடந்தது.

இன்று அந்தப் பாட்டைத்தான் போடுவதாக இருந்தோம். நான் முதல் பக்கத்தைக் கேட்டேன். "இரண்டாவதிலிருந்து போடுங்கள் சித்தப்பா, ஊசியைத் தொடாதீர்கள்" என்றேன்.

விளக்கை அணைத்தோம். வெறுப்பில்லாத நாட்டைப் பற்றி அவர் மெல்லக் கேட்டுக்கொண்டே போனார். 'டக்' என்று கீறல் வந்தது. சில நொடி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து மிசிசிப்பி வந்தது. பதினான்கு மணி நேரம் உழைக்கும் அப்பா வந்தார். தனித்தனியாகக் கேட்ட இரவுகளில் நான் தவறவிட்டது இதுதான்: 'விஷன்ஸ்' கேட்கும் கேள்விக்கு இந்தப் பையன்தான் பதில். அந்த நாட்டைக் கண்ணால் காணாமல் இந்த நகரத்துக்குள் வந்தால், சிறைக் கதவு மூடும் சத்தம் பாதிதான் கேட்கிறது. இரண்டும் ஒரே பாட்டு. அதை நாங்கள் இரண்டாக அறுத்து, ஒன்றுக்கு 4 போட்டு ஒன்றுக்கு 10 போட்டிருக்கிறோம்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு எழுதச் சொன்னேன். அக்கா 10, நான் 10. நண்பர் 9, காட்சி இன்னும் நீளம்தான் என்கிறார்.

சித்தப்பா சீட்டை எழுதவே இல்லை. எழுந்து போய் ஊசியைத் தூக்கி, தட்டின் ஓரத்திலிருந்து இரண்டாவது பாட்டு தொடங்கும் கோட்டைத் தேடி, மீண்டும் வைத்தார்.