நனைக்க வேண்டாம், சொட்டு விடு

லாப் வேலையில் இருந்து ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் சும்மா இருக்கிறேன் என்று பெயர். தூர ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டராக இருக்கும் அக்காவின் மகள் விட்டால்தானே! இந்த முறை இப்படிக் கேட்டாள்: “சித்தி, இரவில் இங்கே லாப் ஆள் இல்லை. மூளைக் காய்ச்சல் சந்தேகத்தில் எல்பி செய்தால் முடிவு வர விடிந்துவிடும். யூரின் ஸ்ட்ரிப்பை அந்த நீரில் நனைத்துப் பார்க்கலாமா?” (எல்பி என்றால் முதுகில் ஊசி குத்தி முள்ளந்தண்டு நீர் எடுப்பது. ஸ்ட்ரிப் என்றால் சிறுநீர் சோதிக்கும், நிறம் மாறும் கட்டங்கள் உள்ள பட்டை.)

பார்க்கலாம். 1995இலேயே லான்செட் மருத்துவ இதழில் வந்த விஷயம்தான். ஆனால் நனைக்கக் கூடாது. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் போக வேண்டிய குப்பிக்குள் ஸ்ட்ரிப்பை விட்டால் வெளிக் கிருமி கலந்துவிடும். சிரிஞ்சால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு விட்டால் போதும். (ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வையுங்கள் என்று கொழும்பின் ஈரக்காற்றில் எத்தனை தரம் கத்தியிருப்பேன்!)

வெள்ளணுக் கட்டம் இரண்டு நிமிடத்தில் ஊதாவானால் பக்டீரியா என்ற சந்தேகம் பலமாகும். அது பிடிப்பது நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களின் நொதியை. காசநோயால் வரும் மூளைக் காய்ச்சலில் பெரும்பாலும் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணுதான். கட்டம் நிறம் மாறாமலே இருந்துவிடலாம். ஊசி குத்தியதில் இரத்தம் கலந்தாலோ காரணமில்லாமல் நிறம் காட்டும். புரதக் கட்டத்தில் ஒரு பிளஸ் என்பது டெசிலீற்றருக்குச் சுமார் 30 மில்லிகிராம். முள்ளந்தண்டு நீரில் 45 வரை சாதாரணம். இரண்டு பிளஸ், அதாவது 100 வந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

சீனிக் கட்டத்தை நான் நம்புவதில்லை. அதற்குக் குளுக்கோமீற்றரை எடு என்றேன். விரலில் ஒன்று, முள்ளந்தண்டு நீரில் ஒன்று, ஒரே நேரத்தில். முள்ளந்தண்டு நீரில் இரத்தச் சீனியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருப்பது வழக்கம், 0.4 பங்குக்குக் கீழே போனால் பயப்பட வேண்டியதுதான். காலை வரை கிடந்த சாம்பிளை விட இது மேல், ஏனென்றால் குப்பிக்குள் இருக்கும் அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அதற்காகக் கல்ச்சர் குப்பியைப் பிரிட்ஜில் வைத்துவிடவும் கூடாது. மூளைக் காய்ச்சல் தரும் மெனிங்கோகொக்கஸ் பக்டீரியா குளிர் தாங்காது.

“சரி, எல்லாம் நெகட்டிவ் என்றால் அன்டிபயோட்டிக் மருந்தை நிறுத்தலாமா?” என்றாள்.

“கூடவே கூடாது. எல்பி தாமதமானால் அதற்கும் காத்திராமல் போட வேண்டிய மருந்து அது. கல்ச்சர் வரட்டும்.”

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். நோயாளியின் டிக்கெட்டில் (வார்டுக் குறிப்பேட்டில்) எழுதும்போது ‘ஸ்ட்ரிப்பில் பார்த்தது’ என்று தெளிவாக எழுதிவிடு, இல்லாவிட்டால் காலையில் வரும் கன்சல்டன்ட் அதை லாப் ரிப்போர்ட் என்று நினைத்துக்கொள்வார்.