எல்லன் டெர்ரிக்கு வந்த கடிதங்கள்

1892ஆம் ஆண்டில், லண்டன் லைசியம் அரங்கின் முதன்மை நடிகையாக இருந்த எல்லன் டெர்ரி, தமக்குத் தெரிந்த ஓர் இளம் பாடகியின் திறமையைப் பற்றிக் கருத்துக் கேட்டு ‘தி வேர்ல்ட்’ வார இதழின் ஆசிரியருக்கு எழுதினார். ஆசிரியர் அதை இதழின் இசை விமரிசகரிடம் தள்ளிவிட்டார். அந்த விமரிசகர், பின்னாளில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற பெர்னார்ட் ஷா. அப்போது தொடங்கி, சிறிது காலம் ஓய்ந்து, 1895 முதல் ஐந்தாறு ஆண்டுகள் இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓயாமல் போய்வந்தன. அன்றைய லண்டனில் ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடந்ததால், காலையில் கேட்ட கேள்விக்கு மாலைக்குள் பதில் வந்துவிடும். இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் இருவரும் நேரில் சந்தித்துப் பேசியதே இல்லை.

டெர்ரி மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1931இல் இக்கடிதங்கள் நூலாக வந்தபோது, உலகம் அவற்றைக் காதல் கடிதங்களாகவே படித்தது. முன்னுரை எழுதிய ஷாவும், எல்லாம் காகிதத்தோடு நின்றுவிட்டதே என்று குறைப்படுகிறவர்களுக்கு, மனிதகுலம் அழகையும் உண்மையையும் நிலைத்த காதலையும் காகிதத்தில் மட்டுமே எட்டியிருக்கிறது என்று பதில் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் நூலைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் தேன் சொட்டும் அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிடுகிறேன். என்னை நிறுத்தி வைப்பவை, வேலையைப் பற்றி எழுதிய கடிதங்கள்தாம்.

1896 செப்டம்பரில், ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தில் இமொஜென் வேடத்துக்கு டெர்ரி பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 49. நாடகத்திலோ இமொஜென் இளம்பெண். காட்டில் மயக்கம் தெளிந்து விழிக்கும் அவள் அருகில் தலையில்லாத ஓர் உடல் கிடக்கும். அதைத் தன் கணவனின் உடலென்றே அவள் எண்ணிக்கொள்வாள். நடிப்பவருக்கு மிகவும் இடக்கான காட்சி இது. கொஞ்சம் பிசகினாலும் அரங்கம் சிரித்துவிடும். வரிகளை உற்றுப் பார்த்தால், விழித்தவுடனே அவளுக்கு எதுவும் விளங்குவதில்லை. தூக்கக் கலக்கத்தில் மில்ஃபோர்ட் ஹேவனுக்கு வழி கேட்கிறாள். பிறகு தன்மேல் தூவப்பட்டிருக்கும் பூக்கள் கண்ணில் படுகின்றன. அதற்கும் பிறகுதான் இரத்தம் தோய்ந்த மனிதன். அதையும் கனவென்றே நம்பப் பார்க்கிறாள். இக்காட்சியை ஷா வரிவரியாக எடுத்துக்கொண்டு, எந்த வரியை எப்படிச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று, அரங்கில் உடன் நின்று சொல்லிக்கொடுப்பவரைப் போல எழுதுகிறார். நாடகத்தை அவர் வாய்க்கு வந்தபடி ஏசினாலும், அதன் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு அத்துப்படியாக இருந்தது.

செப்டம்பர் 22இல் நாடகம் அரங்கேறியது. அதே ஷா நான்கு நாள் கழித்து, விமரிசகர் என்ற முறையில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் அதைப் பற்றி எழுதினார். ஷேக்ஸ்பியரை அவர் கடுமையாகச் சாடிய புகழ்பெற்ற கட்டுரை அதுதான். நடிகைக்குத் திரைமறைவில் பாடம் சொல்லிவிட்டு, மறுவாரம் நடுநிலை விமரிசகராக முன்வரிசையில் உட்காருவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இடையில் மாட்டிக்கொண்டவர் டெர்ரி. லைசியத்தை நடத்திவந்தவரும் அதன் முதல் நடிகருமான ஹென்றி இர்விங்குடன் அவர் 1878 முதல் நடித்துவந்தார். டெர்ரியின் திறமையை இர்விங் பழைய நாடகங்களிலேயே வீணாக்குகிறார் என்பது ஷாவின் ஓயாத புகார். அதே இர்விங், ஷா எழுதிய ‘தி மேன் ஆஃப் டெஸ்டினி’ என்ற சிறு நாடகத்தை மேடையேற்ற வேண்டும் என்றும் அவர் விரும்பினார். டெர்ரி இருவரிடமும் பக்குவமாகப் பேசிப் பார்த்தும் பயனில்லை. 1897இல் இர்விங் அந்த நாடகத்தைக் கைவிட்டார்.

தமக்குப் பேரப்பிள்ளை பிறந்தபோது, இனி தமக்காக யார் நாடகம் எழுதப்போகிறார்கள் என்று டெர்ரி சொன்னாராம். அதைக் கேட்டு ஷா 1899இல் எழுதியது ‘கேப்டன் பிராஸ்பவுண்ட்ஸ் கன்வர்ஷன்’. படித்துவிட்டு டெர்ரி எழுதிய பதில், இது தமக்கேற்ற நாடகமே அல்ல என்பது! அவரையே பார்த்து வரைந்த பாத்திரத்தை அவரே அடையாளம் காணவில்லை என்ற அந்த இடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். 1900 டிசம்பரில் அந்த நாடகம் லண்டனில் வேறொரு நடிகையைக் கொண்டு நடந்த அன்றுதான் இருவரும் முதன்முறையாக நேரில் சந்தித்தார்கள். பிறகு கடிதங்கள் மெல்லக் குறைந்தன. 1906இல், கோர்ட் அரங்கில், டெர்ரி ஒருவழியாக அந்த வேடத்தை ஏற்று நடித்தார். அதே நாடகத்தில் உடன் நடித்த, தம்மைவிட மிகவும் இளையவரான அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் கேரூவை மறு ஆண்டே மணந்துகொண்டார்.