வைத்தியநாதன் சந்நிதியில்

ரத்தத்துக்குக் காரகன் செவ்வாய், அதனால் செவ்வாய்க்கிழமையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் அங்காரகனைக் கும்பிட்டு வா என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்திருப்பது சி.எம்.எல். எனும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோய். 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதால் வருவது. பெற்றோரிடமிருந்து வருவதல்ல. 2001-இல் இமாட்டினிப் மாத்திரை புழக்கத்துக்கு வந்த பிறகு, பெரும்பாலானோர் தினமும் அதைப் போட்டுக்கொண்டே பல்லாண்டு வாழ்கிறார்கள்.

டாக்டர் இதைச் சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. எனக்கு முடி கொட்டவில்லை. பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, மதியத்துக்கு மேல் கையைத் தூக்கவே முடியாத சோர்வு. இதையெல்லாம் யாருக்கு விளக்குவது?

வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தபோது கூட்டத்துக்குள் போகக் கூடாது என்றிருந்தார்கள். அவை ஏறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, செவ்வாயைத் தவிர்த்து ஒரு வியாழன் காலையில் முகக்கவசத்துடன் புறப்பட்டேன். பெரியம்மாவும் வந்தார்.

சித்தாமிர்தக் குளத்தில் இறங்கவில்லை, படியில் நின்றே கும்பிட்டேன். சந்நிதியில் குருக்கள் திருச்சாந்துருண்டை கொடுத்தார். மண்ணும் சாம்பலும் சேர்த்து உருட்டிய மருந்துப் பிரசாதம் அது. தொற்று பயம் இருப்பதால் விழுங்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டேன். பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது.

"பெரியம்மா, சுவாமி வைத்தியரா வந்தப்போ தையல்நாயகி தைலப் பாத்திரத்தை ஏந்திக்கிட்டுத்தானே கூட வந்தா? என் மாத்திரையும் அவ பாத்திரத்துல இருந்து வந்ததுதான்."

அவர் பதில் பேசவில்லை. ஆனால் அம்பாள் சந்நிதியில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அடியோடு குணமாக்கு என்று கேட்கத்தான் போனேன். அங்கே நின்றபோது வாயில் வந்தது வேறு. தாயே, ஒரு நாளும் மாத்திரையை விடாத மனசைக் கொடு, சோர்ந்தால் கூச்சப்படாமல் உட்காரும் தைரியத்தைக் கொடு என்று கேட்டேன். விட்டுவிட்டுப் போட்டால் நோய் மறுபடி தலைதூக்கலாம். உடம்பு தேறியதுபோலத் தெரியும்போதுதான் அலட்சியம் வரும். இந்த நோயோடு வாழும் யாரும் என்னைப்போல இதைக் கேட்கலாம், அவள் கொடுப்பாள்.

அப்புறம் நான் பிராகாரத்துத் தூணருகே உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா எனக்கும் சேர்த்துச் சுற்றி வந்தார். வெளியே வந்து சாப்பிட்டதும், மாத்திரையோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை அவரே எடுத்து நீட்டினார். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனை அடுத்து தை மாதம். முடிவை வாங்கிக்கொண்டு இருவரும் மறுபடி வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஒரு வியாழக்கிழமையில்.