நெல், அரிசி, சோறு: ஒரு புத்தக அடுக்கின் ஆறு மாதக் குறிப்பு

கும்பகோணத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவர், கடந்த தை மாதத்தில், ஒரே சணல் கயிற்றில் கட்டிய இரண்டு நூல்களை எண்பது ரூபாய்க்குக் கொடுத்தார். ஒன்று சீன எழுத்தாளர் ஸூ டோங் எழுதிய ‘ரைஸ்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மற்றொன்று எட்கர் ரைஸ் பரோஸின் டார்சான் கதை. இவை இரண்டையும் எதற்காகச் சேர்த்துக் கட்டினீர்கள் என்று கேட்டபோது, “ரெண்டுலயும் ரைஸ்னு போட்டிருக்கே சார்” என்றார். நூலகத் துறையினர் ஏற்க மாட்டார்கள் என்றாலும் எனக்கு அந்த வகைப்பாடு பிடித்துப்போயிற்று. நூலின் பெயரிலோ ஆசிரியரின் பெயரிலோ அரிசியைக் குறிக்கும் ஏதேனும் ஒரு சொல் இருந்தால் போதும், வேறு எந்தத் தகுதியும் பார்ப்பதில்லை என்ற ஒற்றை விதியோடு, ஆறு மாதம் படித்துப் பார்ப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் தேடுவதிலேயே கழிந்தன. நூலக அட்டவணைக் கணினியில் ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்று தட்டினால், அந்த நான்கு எழுத்துகளைத் தன் வயிற்றில் வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் வந்து நின்றன: விலையைக் குறிக்கும் ‘பிரைஸ்’ என்ற சொல்லால் பொருளாதார நூல்கள் அனைத்தும், அவற்றின் பின்னே பேட்ரிஸ் லுமும்பா, மாரிஸ் மேட்டர்லிங்க் ஆகியோரும். தமிழில் ‘நெல்’ என்று தேடியபோது நெல்லிக்காயின் மருத்துவக் குணங்களும் நெல்லை மாவட்ட வரலாறும் கிடைத்தன. திருநெல்வேலியை மட்டும் தள்ளிவிட மனம் வரவில்லை. வேதசர்மர் காயவைத்த நெல்லை மழை அடித்துப் போகாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்ததாகத்தானே அவ்வூரின் தலபுராணம் சொல்கிறது.

‘அரிசி’ என்று தேடியபோது வந்தவர் அரிசில்கிழார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடிய சங்கப் புலவர் அவர். மனைவியைப் பிரிந்திருந்த பேகனிடம், எனக்குப் பொருள் வேண்டாம், இன்றிரவே உன் தேரைப் பூட்டி அவளிடம் போ என்று கேட்ட புறநானூற்றுப் பாட்டும் (146) அவருடையதே. அரிசில் என்பது அரிசியன்று, ஆறு. இன்று அரசலாறு என்ற பெயரில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓடுகிறது. ஆங்கிலப் பக்கத்திலும் இதே கதைதான். ரைஸ் என்ற குடும்பப் பெயர் பெரும்பாலும் ‘ரீஸ்’ என்னும் வெல்ஷ் பெயரின் திரிபே தவிர, வயலோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. இருப்பினும் விதி விதிதான் என்பதால், பரோஸ், இரத்தக் காட்டேரிக் கதைகள் எழுதிய ஆன் ரைஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் ஆகிய மூவரும் அடுக்கில் இடம்பெற்றார்கள்.

முதலில் படித்து முடித்தது ஸூ டோங்கின் நாவல். வெள்ளத்தில் அழிந்த கிராமத்திலிருந்து சரக்கு ரயிலில் நகரத்துக்கு ஓடிவரும் வூலோங் என்ற இளைஞன், ஓர் அரிசிக் கடையில் கூலிக்குச் சேர்ந்து, அக்குடும்பத்தையும் கடையையும் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்கிறான். பசி தீர்ந்த பிறகும் அவனுக்குள் பசியின் பயம் தீர்வதில்லை. பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவதில்தான் அவனுக்கு நிம்மதி. பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று மிரட்டப்பட்டே வளர்ந்தவன் நான் என்பதால், முதலில் வந்த அத்தகைய காட்சியைச் சிறு புன்னகையோடு படித்தேன். அதற்குப் பின் வந்தவற்றை அப்படிப் படிக்க முடியவில்லை. அரிசியைக் கொண்டு மனிதர்களை, அதிலும் பெண்களை, எந்தெந்த விதங்களில் எல்லாம் வதைக்கலாம் என்பதை இந்நாவல் கூசாமல் காட்டுகிறது. இரண்டு இடங்களில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். இறுதியில் ஒரு பெட்டி நிறைய அரிசியோடு சொந்த ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே அவன் இறக்கிறான். நல்ல நாவலா என்றால் ஆம் என்பேன். மறுமுறை படிப்பேனா என்றால் மாட்டேன்.

மாசியில் எடுத்தது ஜூடித் கார்னியின் ‘பிளாக் ரைஸ்’ (2001). தென் கரோலினாவின் நெல் வயல்களை உருவாக்கிய அறிவு ஐரோப்பியப் பண்ணையாருடையதன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுடையது, குறிப்பாகப் பெண்களுடையது என்பதே இந்நூலின் வாதம். நாம் பயிரிடும் ஆசிய நெல்லைத் தவிர, நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் தனியாகப் பழக்கப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க நெல் என்று வேறோர் இனம் உண்டு என்பதையே இந்த நூலால்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். நெல் குத்தும் உரல், உலக்கை, உமி புடைக்கும் கூடை ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளில்தான் அதிக நேரம் நின்றேன். மர உரலும் உலக்கையும் எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டில் கிடந்தவைதாம்; அதே கருவிகள் கடலுக்கு அப்பால், ஏற்றுமதிக்கான அரிசியை நாள்தோறும் குத்தித் தீரவேண்டிய கட்டாயத்தால், ஆட்களின் உடலை முறிக்கும் தண்டனையாக மாறியதைப் படிக்கும்போது உலக்கையின் எடை வேறாகத் தெரிந்தது. இந்த வாதத்தை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்றுவிடவில்லை; அடிமைக் கப்பல்களின் பயணப் பதிவுகளை வைத்து மூவர் 2007இல் ‘அமெரிக்கன் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ’ இதழில் கடுமையாக மறுத்தார்கள். கப்பல் எண்ணிக்கையைக் கொண்டு மறுப்பவர்கள் உரலுக்கும் முறத்துக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதற்கு அடுத்து, வெறும் பெயர்ப் பொருத்தத்தால், காண்டலீசா ரைஸின் இளமைக் கால நினைவுகளைப் படித்தேன். நிறவெறி நிலவிய அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் வளர்ந்தவர் அவர். 1963இல் அங்கே தேவாலயத்தில் வெடித்த குண்டுக்குப் பலியான நான்கு சிறுமிகளில் ஒருத்தி அவருடைய தோழி. தற்செயலாக அடுத்தடுத்து வந்த நூல்கள் ஒன்றோடொன்று பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டார்சானையும் ஆன் ரைஸின் இரத்தக் காட்டேரியையும் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. ஐம்பது பக்கங்களில் பதம் பார்த்து இறக்கிவைத்துவிட்டேன்.

பங்குனியில் மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலுக்கு வந்தபோதுதான் இந்த விளையாட்டுக்கு ஒரு பொருள் கிடைத்தது. 1948இல் வெளிவந்த ‘ரண்டிடங்ஙழி’ குட்டநாட்டு வயல்களில் உழைக்கும் புலையர், பறையர் மக்களின் கதை. பெயருக்கு ‘இரண்டு இடங்கழி’ என்று பொருள். இடங்கழி என்பது தானியம் அளக்கும் படி. (திருத்தொண்டர்களில் இடங்கழி நாயனார் என்று ஒருவர் இருக்கிறார். தன் களஞ்சியத்தில் நெல் திருடிய அடியவரின் காரணத்தைக் கேட்டதும், அடியவர் யாரும் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்று பறையறைவித்த கொடும்பாளூர் மன்னர். பண்ணையார்கள் நிறைந்த ஒரு நாவலைப் படிக்கும்போது அவர் நினைவுக்கு வந்ததில் ஒரு கேலியும் இருக்கிறது.) நான் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு ‘டூ மெஷர்ஸ் ஆஃப் ரைஸ்’. படிக்கும்போதெல்லாம் அந்த ‘ரைஸ்’ உறுத்தியது. களத்தில் கூலியாக அளக்கப்படுவது நெல். அதை அவித்து, காயவைத்து, குத்திப் புடைத்தால்தான் அரிசி. உலையில் இட்டால்தான் சோறு. கூலி வாங்கியவனுக்கும் அவன் வீட்டுப் பானைக்கும் இடையில் ஒரு பெண்ணின் அரை நாள் உழைப்பு கிடக்கிறது. நெல்லைக் குறிக்க மலாய் மொழியிலிருந்து எடுத்த ‘பேடி’ ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் புத்தக அட்டைக்கு வரும்போது ‘ரைஸ்’ வென்றுவிடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. நெல்லாக அளந்த கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில்தான், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

எனவே சித்திரை முதல் வாரத்தில் அடுக்கையே கலைத்தேன். நூலகங்களின் தசமப் பகுப்பில் நெல் சாகுபடி 633.18, அரிசிச் சமையல் 641.6318, நாவல்கள் வேறொரு மூலை என்று சிதறிக் கிடப்பவற்றை, நம் சொற்களின்படி நாற்று, நெல், அரிசி, சோறு, கஞ்சி என்று ஐந்து குவியலாகப் பிரித்தேன். தகழியும், விளைச்சலில் பாதியை வாரமாகக் கொடுக்க மறுக்கும் தாய்லாந்துக் கிராமத்தைப் பற்றிய மின்ஃபாங் ஹோவின் ‘ரைஸ் வித்தவுட் ரெய்ன்’ நாவலும் நெல் குவியலுக்குப் போயின. ஸூ டோங் சந்தேகமின்றி அரிசி. கார்னியை வைக்கும் இடம் ஒரு வாரம் தெரியவில்லை. கடைசியில் நெல்லுக்கும் அரிசிக்கும் நடுவில், உரல் இருக்கும் இடத்தில் வைத்தேன். பெயரில் மட்டும் ரைஸ் உள்ளவர்களுக்கு ஆறாவதாகப் பதர் என்று ஒரு குவியல் போட்டேன். காண்டலீசா ரைஸை மட்டும் அதிலிருந்து பொறுக்கி எடுத்துக் கார்னியின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

எதிர்பாராமல் கனத்தது கஞ்சிக் குவியல். ஐலீன் சாங் 1955இல் ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்ட ‘தி ரைஸ் ஸ்ப்ரவுட் சாங்’ பெயரளவில் நாற்று. உள்ளே முழுக்க முழுக்கக் கஞ்சி. நிலச் சீர்திருத்தம் முடிந்து, எல்லோருக்கும் நிலம் கிடைத்துவிட்டதாகச் சொல்லப்படும் சீனக் கிராமத்தில், மூன்று வேளையும் நீர்க்கஞ்சியைத் தவிர வேறு உணவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. திரைப்படத்துக்குக் கதை தேடி வந்து அவர்களோடு தங்கும் தோழர் ஒருவர், பசி தாங்காமல் பக்கத்து ஊருக்குப் போய்த் தின்பண்டம் வாங்கி வந்து, ஒளித்து வைத்துத் தனியாகத் தின்கிறார். படுகொலையையும் பட்டினிச் சாவையும் விவரிக்கும் பக்கங்களைவிட, அவர் சத்தம் வராமல் மெல்லும் அந்தப் பக்கம்தான் எனக்கு இன்னும் அகலவில்லை.

அதே வாரத்தில் பட்டினப்பாலையை எடுத்தேன். காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளில் சோறு வடித்த கொழுங்கஞ்சி ஆறு போலத் தெருவில் பரந்து ஓடுகிறது. எருதுகள் பொருது அது சேறாகிறது. பின் தேர்கள் ஓடித் துகளாகப் பறக்கிறது. பள்ளியில் படித்தபோது இதை வளத்தின் வருணனை என்று மனப்பாடம் செய்தேன். இப்போது படிக்கையில் 1943இன் கல்கத்தா குறுக்கே வந்தது. முப்பது இலட்சம் பேர் வரை மாண்ட வங்கப் பஞ்சத்தில், கிராமங்களிலிருந்து வந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. ‘ஃபேன்’, அதாவது வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். அந்தப் பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா எழுதி 1944இல் மேடையேறிய நாடகத்தின் பெயர் ‘நபான்ன’, புத்தரிசித் திருநாள். பெயரில் அன்னம் இருப்பதால் விதிப்படி சேர்த்துக்கொண்டேன்.

கஞ்சி இன்னொரு வகையிலும் வேலைக்கு வந்தது. எண்பது ரூபாய்க் கட்டில் வந்த டார்சானின் முதுகு கழன்று, பக்கங்கள் கையோடு வரத் தொடங்கின. பச்சரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சிய பசையைத் தடவி, மல் துணி ஒட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து இரண்டு நாள் அழுத்தினேன். “படிக்காத புஸ்தகத்துக்கு இவ்வளவு சோறா?” என்று அம்மா கேட்டார், நியாயமான கேள்விதான். பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள் என்று தெரிந்திருந்தும் சோம்பலால் விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் முதுகைப் பிரித்துப் பார்த்தபோது, இராமபாணப் பூச்சிகள் வெள்ளி மினுங்க ஓடின. பசை இருந்த இடமெல்லாம் சல்லடையாகியிருந்தது. ஒருவேளை அரிசி அதன் பெயரில் மட்டும் இருந்தவரை பத்திரமாக இருந்திருக்கும். இரண்டாம் முறை துத்தம் சேர்த்துச் செய்த ஒட்டு இதுவரை நிற்கிறது. பக்கத்திலிருந்த பட்டினப்பாலையை நல்லவேளையாக அவை தொடவில்லை.

ஆனி முடியும் இந்நேரம், பதினான்கில் ஒன்பது முடிந்து, இரண்டு பாதியில் கிடக்கின்றன. மலேசியாவின் ராணி மாணிக்கா எழுதிய ‘தி ரைஸ் மதர்’ நாவலில், பதினான்கு வயதில் இலங்கையிலிருந்து மணமுடித்து மலாயாவுக்கு வரும் லட்சுமி இப்போதுதான் கப்பலை விட்டு இறங்கியிருக்கிறாள். சோற்றுக் குவியல் மட்டும் இன்னும் மெலிவாகவே இருக்கிறது. சமையல் குறிப்பு நூல்களை அதில் சேர்ப்பதா என்பதை முடிவு செய்யவில்லை.

மீதமுள்ளவற்றில் பெரிய வேலை பி. வத்சலா 1972இல் எழுதிய ‘நெல்லு’. வயநாட்டுத் திருநெல்லிப் பகுதியின் அடியர் பழங்குடி மக்களைப் பற்றிய இந்நாவலை மூலத்திலேயே படிப்பதென்று, வைகாசியில் மலையாள எழுத்துகளைக் கற்கத் தொடங்கினேன். அட்டையிலுள்ள பெயரை முதல் நாளே படித்துவிட்டேன். முதல் பத்தியை முடிக்க நேற்று நாற்பது நிமிடம் பிடித்தது.